ஹைட்ரோ தனி

2004 செப்டம்பரில் முதுகலைப் படிப்புக்காக வாட்டர்லூவில் வந்து இறங்கினேன். பல்கலைக்கழகத்திலிருந்து இருபது நிமிட நடையில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் அறை கிடைத்தது. வாடகை ஒப்பந்தம் ஒரே பக்கம்தான். வீட்டுக்காரர் அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார். மாதம் 375 டாலர், ஹைட்ரோ தனி என்று அதில் ஒரு வரி இருந்தது.

ஹைட்ரோ என்றால் தண்ணீர். பள்ளியில் ஹைட்ரோமீட்டரைக் கையில் பிடித்தவனுக்கு இதில் என்ன சந்தேகம் வரும்? தண்ணீரைச் சிக்கனமாகப் புழங்குவதற்குக் கோவில்பட்டிக்காரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வரும் நாள் திருவிழா நாள் மாதிரி. ஆகவே கடைக்குப் போய் ஒரு வாளியும் ஒரு பிளாஸ்டிக் குவளையும் வாங்கினேன். ஷவரைத் திறக்காமல் ஒரு வாளித் தண்ணீரில் குளித்தேன். பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட வீணாக்கவில்லை. குளிருக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. சுவரோரம் பொருத்தியிருந்த மின்சார ஹீட்டரை இரவு பகலாக ஓடவிட்டேன். அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லையே.

டிசம்பர் கடைசியில் வீட்டுக்காரர் ஒரு பில்லை நீட்டினார். இரண்டு மாதத்துக்கு 340 டாலர். தண்ணீருக்கு இவ்வளவா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஒன்டாரியோவில் ஹைட்ரோ என்றால் மின்சாரம். 1906இல் இந்த மாகாணத்தில் நீர்மின் ஆணையம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். நயாகராவின் மின்சாரம் ஊர் ஊராக வந்தது. ஆணையத்தின் பெயரில் இருந்த முதல் சொல்லே மின்சாரத்துக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. இதையெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அவர் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "இது எல்லாருக்கும் தெரியுமே."

அந்த வாக்கியத்தை நான் வெகுகாலம் மன்னிக்கவில்லை. நண்பர்கள் கூடும் இடங்களில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் சிரிப்புக்கு அடியில் ஒரு கோபம் இருந்தது. எழுதிய காகிதத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாமல் வந்து நிற்கிறவனுக்கு எழுதுகிறோம் என்று அந்த மனிதர் ஒரு கணம் நினைத்திருந்தால், இன்னும் ஒரே ஒரு சொல் சேர்த்திருப்பார்.

இருபது வருடம் கழித்து அதே தவறை நான் செய்தேன். அதற்கான விலையை வேறொருவர் கொடுத்தார்.

*

நான் ஒப்பந்த அடிப்படையில் நிறுவனங்களுக்கு மென்பொருள் வேலை செய்து கொடுப்பவன். 2024 இறுதியில் டொரன்டோவில் ஒரு நிறுவனம் கூப்பிட்டது. முதியவர்களின் வீடுகளுக்குப் பணியாளர்களை அனுப்புவது அவர்கள் தொழில். குளிப்பாட்ட, உணவு சூடாக்கிக் கொடுக்க, மாத்திரையை நினைவூட்ட, படுக்கையில் சேர்க்க. பி.எஸ்.டபிள்யூ. என்று இங்கே சொல்லும் இந்த வேலையில் ஸ்கார்பரோவின் தமிழ்ப் பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது இந்த இதழைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

யார் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதை அலுவலகத்தில் இருக்கும் ஒருங்கிணைப்பாளர்கள் ஒரு பழைய மென்பொருளில் பதிவு செய்வார்கள். அந்த மென்பொருளை ஒரு ஏஜென்ட் இயக்கும்படி செய்து தர வேண்டும் என்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. ஒருங்கிணைப்பாளர் பேச்சு வழக்கில் ஒரு வரி தட்டினால் போதும். செயற்கை நுண்ணறிவு அதைப் புரிந்துகொண்டு வேண்டியதைச் செய்துவிடும்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏஜென்ட் நம்மைப் போலத் திரையைப் பார்த்துப் பழகுவதில்லை. அதன் கையில் ஒரு பட்டியலைக் கொடுக்கிறோம். பட்டியலில் இருப்பவற்றைக் கருவிகள் என்கிறோம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், அது என்ன செய்யும் என்று சில வரிகள், அதற்கு என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற குறிப்பு. அவ்வளவுதான். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டகால் என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. அதன் பிறகு இப்படிக் கருவிகளைக் கோத்துக் கொடுப்பது எளிதாகிவிட்டது. ஆனால் அந்தச் சில வரிகளை யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். மென்பொருளுக்குள் என்ன நடக்கிறது என்பது ஏஜென்ட்டுக்குத் தெரியாது. அந்த வரிகள் சொல்வதுதான் அதற்குத் தெரியும்.

மொத்தம் 31 கருவிகள். இணைப்பதற்கு ஆறு வாரம் உழைத்தேன். விளக்க வரிகளை ஒரே பிற்பகலில் எழுதினேன். நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயரையும் ஒரு வாக்கியமாக நீட்டினேன். ஆவணம் எழுதுவது எங்கள் தொழிலில் கல்யாண வீட்டில் இலை எடுக்கிற வேலை மாதிரி. நடந்தாக வேண்டும், ஆனால் நாம் செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

அந்த 31இல் ஒன்றின் பெயர் ஹோல்ட். அதற்கு நான் எழுதியது இவ்வளவுதான்: "ஒரு வாடிக்கையாளரின் சேவையை நிறுத்தி வைக்கும். தொடங்கும் தேதி, முடியும் தேதி கொடுக்கவும்."

*

2025 பிப்ரவரியில், பனி கொட்டிய ஒரு வாரம். எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மாவைச் செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் சேர்த்தார்கள். போர்த்துகல்லில் இருந்து வந்தவர். தனியாக இருப்பவர். ஒரே மகன் கல்கரியில். வியாழக்கிழமை மாலை வீடு திரும்புவார் என்று அலுவலகத்துக்குத் தகவல் வந்தது. வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரமான ஒருங்கிணைப்பாளர் ஏஜென்ட்டிடம் சொன்னார்: இவருடைய சேவையை வியாழன் மாலை வரை நிறுத்து.

ஏஜென்ட் பட்டியலைப் பார்த்தது. ஹோல்ட் கருவியை எடுத்தது. இரண்டு தேதிகளையும் சரியாகக் கொடுத்தது. கருவி "வெற்றி" என்று பதில் அனுப்பியது. உடனே ஏஜென்ட், சேவை நிறுத்தப்பட்டது, வியாழன் மாலை மீண்டும் தொடங்கும் என்று ஒருங்கிணைப்பாளருக்குச் சொன்னது. அவர் அடுத்த வேலைக்குப் போனார்.

அந்த மென்பொருளில் "முடியும் தேதி" என்ற கட்டம் எதையும் செய்யாது. எப்போதோ ஒரு நிரலாளர், திரும்பும் நாளைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும் என்று அதைச் சேர்த்திருக்கிறார். நிறுத்திய சேவையை யாராவது கையால் திறந்துவிட்டால்தான் அது மீண்டும் ஓடும். பழைய ஒருங்கிணைப்பாளர்கள் எல்லாருக்கும் இது தெரியும். திரும்பும் தேதிகளை மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதிக் கணினியின் ஓரத்தில் ஒட்டி வைப்பார்கள். உண்மையில் அந்த நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தவை அந்த மஞ்சள் தாள்கள்தான். மென்பொருளைப் படித்த எனக்கு மஞ்சள் தாளைப் படிக்கத் தோன்றவில்லை.

வியாழன் நான்கு மணிக்கு மருத்துவமனை வண்டி அந்த அம்மாவை வீட்டில் இறக்கிவிட்டுப் போனது. ஆறு மணிக்கு வர வேண்டிய பணியாளர் வரவில்லை. அவர் பட்டியலில் அந்த வீடு இல்லை. அலுவலகத்தைக் கூப்பிட்டால் ஆங்கிலத்தில் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று ஒரு குரல் சொல்லும். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் நாலு சொல்.

வெள்ளிக்கிழமையும் யாரும் போயிருக்க மாட்டார்கள். ஆனால் ஒருவர் போனார்.

*

அவரை அடுத்த திங்கள்கிழமை அலுவலகத்தின் வராந்தாவில் சந்தித்தேன். ஐம்பது வயது இருக்கும். நடந்ததை எழுதிக் கொடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். என் கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயரைப் பார்த்தார்.

"தம்பி தமிழோ?"

"ஆமாக்கா."

"இந்தியாவோ? நீங்களோ அந்த ரோபோவைச் செய்தது?"

ரோபோ இல்லை என்று விளக்க வாயெடுத்தேன். அவர் நிறுத்தவில்லை.

"அந்த அம்மா வியாழக்கிழமை வீட்டை வாறா எண்டு எனக்குத் தெரியும். அவவின்ர மகன் போனிலை சொன்னவர். வெள்ளிக்கிழமை விடிய என்ர லிஸ்டிலை அவவின்ர பேர் இல்லை. எனக்கு மனசு கேக்கேல்லை. போற வழிதானே எண்டு எட்டிப் பாத்தன். கதவு பூட்டேல்லை. கதிரையிலை இருந்தபடியே இருந்தவ. கோட்டும் கழட்டேல்லை."

கோட்டு என்று சொல்லும்போது தன் கையைத் தோளில் வைத்துக் காட்டினார். இரண்டு கைகளும் மேலே தூக்க வராதாம் அந்த அம்மாவுக்கு. யாராவது கழற்றிவிட வேண்டும். பதினாறு மணி நேரம்.

ஆம்புலன்ஸை அழைத்தது இவர்தான். அந்த அம்மா நான்கு நாள் கழித்து நலமாக வீடு திரும்பினார்.

"எனக்குத் தெரியும். மகனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குத் தெரியும். உங்கட கொம்பியூட்டருக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை.

அன்று மாலைக் கூட்டத்தில் அறிக்கையின் வரைவை வாசித்தார்கள். இரண்டு முடிவுகள். ஒன்று, செயற்கை நுண்ணறிவின் பிழை. இரண்டு, பட்டியலில் இல்லாத வீட்டுக்கு அனுமதியின்றிப் போன பணியாளருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. காப்பீடு அது இது என்று காரணம் சொன்னார்கள். என்னிடம் ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டார்கள்.

இல்லை என்றேன்.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். செயற்கை நுண்ணறிவின் பிழை என்பது எனக்கு மிக வசதியான வாக்கியம். இயந்திரம் மறுத்துப் பேசாது. எனக்கு ஒப்பந்தம் நீடிக்கும். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் இப்போது இந்த வாக்கியம் கைவசம் இருக்கிறது.

இரவு தூக்கம் வரவில்லை. பதிவேட்டைத் திறந்து அந்த ஏஜென்ட் செய்ததை ஒவ்வொரு அடியாகப் பார்த்தேன். எந்த அடியிலும் பிழை இல்லை. அது என் வாக்கியத்தை நம்பியது. முடியும் தேதி கொடுக்கவும் என்று எழுதியிருந்தேன். கொடுத்தது. முடியும் தேதி கொடுத்தால் அன்றைக்கு நிறுத்தம் முடியும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஹைட்ரோ என்றால் தண்ணீர் என்று நினைத்தவனுக்கு அது தெரியாதா?

மறுநாள் காலை மேலாளருக்குக் கடிதம் எழுதினேன். பிழை விளக்க வரிகளில் இருக்கிறது, எழுதியவன் நான், அந்தப் பணியாளர் போயிருக்காவிட்டால் இந்த அறிக்கை வேறு மாதிரி இருந்திருக்கும் என்று மூன்று பத்திகள். எச்சரிக்கைக் கடிதம் அவருக்குப் போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். என் கடிதம்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

என் ஒப்பந்தமும் போகவில்லை. ஏஜென்ட்டை நிறுத்தி வைத்துவிட்டு, ஐந்து வாரம் தருகிறோம், எல்லாவற்றையும் திரும்ப எழுது என்றார்கள்.

*

இந்த முறை நிரலைத் திறக்கவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், 19 வருடமாக அங்கே வேலை பார்க்கும் ஒருங்கிணைப்பாளரின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரே கேள்விதான் கேட்டேன்: புதிதாக வருகிறவர் இதில் என்ன தப்பு செய்வார்?

அவர் சிரித்துக்கொண்டே அடுக்கினார். குளோஸ் என்றால் வருகையை ரத்து செய்வது இல்லை, போய்வந்த வருகையின் கணக்கை முடிப்பது. சஸ்பெண்ட் என்பது வாடிக்கையாளருக்கு இல்லை, பணியாளருக்கு. 03/04 என்று தேதி வந்தால் அது மார்ச் 4ஆ ஏப்ரல் 3ஆ என்பது கோப்பை எந்த அலுவலகம் அனுப்பியது என்பதைப் பொறுத்தது. கனடாவில் இரண்டு வழக்கமும் உண்டு. இவை எதுவும் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

ஹோல்ட் கருவிக்கு நான் எழுதிய புதிய விளக்கத்தைத் தமிழில் தருகிறேன்: "ஒரு வாடிக்கையாளரின் எல்லா வருகைகளையும் கொடுத்த நாளிலிருந்து நிறுத்தும். தானாக மீண்டும் தொடங்காது; ஒருவர் கையால் திறக்க வேண்டும். திரும்பும் நாள் தெரிந்திருந்தால் இதைப் பயன்படுத்தக் கூடாது. இடைப்பட்ட வருகைகளை மட்டும் ஒவ்வொன்றாக ரத்து செய்ய வேண்டும். முடியும் தேதி ஒரு குறிப்பு மட்டுமே. அதனால் எதுவும் நடக்காது. நிறுத்திய பிறகு, மீண்டும் திறக்கும் பொறுப்பு யாருடையது என்று ஒருங்கிணைப்பாளரைக் கேட்க வேண்டும். சேவை மீண்டும் தொடங்கும் என்று சொல்லக் கூடாது."

பழையதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நீளம் மட்டும் இல்லை. பழையது அந்தக் கருவி என்ன செய்யும் என்று மட்டும் சொன்னது. புதியது எப்போது எடுக்கக் கூடாது, அதற்குப் பதில் எதை எடுக்க வேண்டும், செய்த பிறகு என்ன பாக்கி இருக்கிறது என்று சொல்கிறது. கருவிகளுக்கு ஆவணம் எழுதுகிற இளைஞர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த மூன்று கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

யுனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதியது. அதில் ஒவ்வொரு கட்டளைக்கும் கீழே, அந்தக் கட்டளையில் இருக்கும் குறைகளைச் சொல்வதற்கென்றே ஒரு தலைப்பு வைத்திருந்தார்கள். தாங்களே உருவாக்கியதன் குறையைத் தங்கள் கையாலேயே எழுதி வைப்பது. மாணவனாக இருந்தபோது அதை ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்தேன். இப்போது என் கருவிகளுக்கும் அதே மாதிரி ஒரு வரி எழுதுகிறேன்.

எங்கள் பள்ளித் தமிழாசிரியர் நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களை மனப்பாடம் செய்ய வைத்தார். ஒரு நூல் எந்தெந்த வகையில் கெட்டுப்போகும் என்ற பட்டியல் அது. பரீட்சைக்குப் படித்து மறந்தது, முப்பது வருடம் கழித்து வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. முதல் முறை நான் செய்தது குன்றக் கூறல். அதைத் திருத்தப் போய் இரண்டாவது வாரம் மிகைபடக் கூறலில் விழுந்தேன். பயத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பக்கம் எழுதினேன். எல்லா வரியிலும் மிக முக்கியம், கட்டாயம், ஒருபோதும் கூடாது. பழைய பதிவுகளிலிருந்து 40 சூழ்நிலைகளை எடுத்து, நிஜ ஆட்களின் விவரங்களைத் தொடாத ஒரு சோதனைப் பிரதியில் ஏஜென்ட்டை ஓடவிட்டுப் பார்த்தேன். அது முன்பைவிடத் தடுமாறியது. எல்லாமே முக்கியம் என்றால் எது முக்கியம் என்று அதற்கும் தெரியவில்லை. சின்ன முகவரி மாற்றத்துக்குக்கூட நான்கு முறை அனுமதி கேட்டது.

வெட்டினேன். 31 கருவிகளை 12 ஆக்கினேன். ஒரே வேலையைச் செய்யும் இரண்டைப் பட்டியலில் வைத்துக்கொண்டு இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதைவிட, ஒன்றை எடுத்துவிடுவது நல்லது. குளோஸ் என்ற பெயரை "போய்வந்த வருகையின் கணக்கை முடி" என்று மாற்றினேன். மயங்க வைக்கும் பெயரை வைத்துவிட்டுக் கீழே மயங்காதே என்று எழுதுவதில் என்ன பயன்? தேதி என்றால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் மட்டும் என்று ஒரு எடுத்துக்காட்டோடு எழுதினேன். வெறும் பிழை எண்ணைத் திருப்பி அனுப்பிய கருவிகளை, என்ன தவறு, எப்படித் திருத்துவது என்று வாக்கியமாகப் பதில் சொல்ல வைத்தேன்.

அளவுகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் இந்த நாட்டின் ஒரு விமானம் நினைவுக்கு வரும். 1983 ஜூலை 23 அன்று ஒரு போயிங் 767 எட்மன்டனை நோக்கிப் பறந்துகொண்டிருந்தபோது நடுவானில் எரிபொருள் தீர்ந்துபோனது. எரிபொருள் மானி பழுதாகியிருந்ததால் கையால் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கிலோகிராமில் போட வேண்டிய கணக்கை பவுண்டுக்கு உரிய எண்ணை வைத்துப் போட்டுவிட்டார்கள். தேவையானதில் பாதிகூட இல்லை. மானிடோபாவில் கிம்லி என்ற ஊரில், கைவிடப்பட்ட ஒரு பழைய விமானப்படைத் தளத்தில், விமானி அதை என்ஜின் ஓடாமலே இறக்கினார். ஒருவரும் சாகவில்லை. அந்தக் காகிதத்தில் இருந்தது ஒரு எண். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய சொல்லை எல்லாரும் மனதுக்குள் வைத்திருந்தார்கள், ஆளுக்கு ஒன்றாக.

நான்காவது வாரம்தான் இன்னொன்று உறைத்தது. முடியும் தேதி ஒரு குறிப்பு மட்டுமே, அதனால் எதுவும் நடக்காது என்று அழகாக எழுதி வைத்திருக்கிறேன். எதுவும் செய்யாத கட்டத்தை ஏன் கேட்க வேண்டும்? ஒரு கருவியைப் பற்றி எழுதும்போது ஆனால், ஆனால் என்று வந்துகொண்டே இருந்தால், திருத்த வேண்டியது வாக்கியத்தை இல்லை, கருவியை. முதலில் அந்தக் கட்டத்தையே ஏஜென்ட்டின் பார்வையிலிருந்து எடுத்தேன். பிறகு நிறுவனத்தின் நிரலாளர் இரண்டு நாள் உழைத்து, கொடுத்த தேதியில் சேவை தானாகவே திறக்கும்படி செய்தார். எத்தனையோ வருடம் மஞ்சள் தாள் ஒட்டியவர்களுக்காக யாரும் அந்த இரண்டு நாளைச் செலவிடவில்லை. என் விளக்கத்தில் ஐந்து வரிகள் தேவையில்லாமல் போயின. என்னுடைய ஆவணத்தின் சிறந்த பகுதி, நான் அழித்த அந்த ஐந்து வரிகள்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் சிலவற்றை வாக்கியத்திடம் ஒப்படைக்கக் கூடாது. ஒருவருடைய சேவை முழுவதையும் நிறுத்தும் எந்தக் கருவியும் இப்போது ஒரு மனிதர் பார்த்துச் சரி என்று அழுத்தினால் மட்டுமே ஓடும். இந்தக் கருவி எதையாவது அழிக்கக்கூடியது என்று குறித்துக்காட்டும் வசதி அந்த நெறிமுறையிலும் பிறகு வந்தது. ஆனால் அது வெறும் அடையாளம்தான். பூட்டு வேண்டுமென்றால் பூட்டைத்தான் போட வேண்டும்.

*

எதிர்பாராத ஒன்று நடந்தது. அந்த 12 கருவிகளின் விளக்கங்களை யாரோ அச்சடித்து, புதிதாகச் சேரும் ஒருங்கிணைப்பாளர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மனிதர்களுக்கென்று அந்த அலுவலகத்தில் அதற்கு முன் ஒரு கையேடும் கிடையாது. பக்கத்து நாற்காலியில் கேட்டுக்கொள் என்பதுதான் பயிற்சி. ஒரு இயந்திரத்துக்காக எழுத வேண்டி வந்ததால் மனிதர்களுக்கும் எழுதப்பட்டது. இதை நினைத்து மகிழ்வதா வெட்கப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்த அக்காவை அதன் பிறகு ஒரு தமிழ்க் கடையில் பார்த்தேன். புளியும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டிருந்தார். ரோபோ எப்படி என்றார். இப்போது நிறையக் கேள்வி கேட்கிறது என்றேன்.

"அது நல்லதுதானே. கேட்டா ஆர் அடிக்கப்போகினம்?"

அந்த அம்மாவைப் பற்றிக் கேட்டேன். சுகமாக இருக்கிறார், வெள்ளிக்கிழமைகளில் தனக்கு ஏதோ முட்டை இனிப்பு செய்து வைத்திருக்கிறார் என்றார். எங்கள் ஆவணத்தில் அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மனசு கேட்கவில்லை என்பதை எந்தக் கருவியின் விளக்கத்தில் எழுதுவது? பணியாளர் யாரேனும் சந்தேகம் சொன்னால், பட்டியலில் எப்படி இருந்தாலும், உடனே ஒரு மனிதரிடம் அனுப்பு என்று ஒரு விதி சேர்த்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

சென்ற செப்டம்பரில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டுக்கு ஒரு பையன் குடிவந்தான். தஞ்சாவூர்ப் பக்கம். முதுகலை படிக்க வந்திருக்கிறான். வாடகை ஒப்பந்தத்தை நானே எழுதினேன். இரண்டு இரவு உட்கார்ந்து எழுதினேன் என்று மனைவி இன்னும் கிண்டல் செய்கிறாள். மின்சாரம் தனி, இங்கே இதை ஹைட்ரோ என்று சொல்வார்கள், தண்ணீருக்குக் காசு இல்லை, ஷவரில் குளிக்கலாம் என்றுகூட எழுதினேன். குளிர் கடுமையான இரவுகளில் எந்தக் குழாயைச் சொட்டவிட வேண்டும், பனி விழுந்தால் எந்தப் பக்கம் நான் தள்ளுவேன், எந்தப் பக்கம் அவன் தள்ள வேண்டும், எல்லாம்.

நான்காம் நாள் கதவைத் தட்டினான். கையில் என் ஒப்பந்தம். ஒரு வரியின் கீழே பென்சில் கோடு.

"அண்ணே, 'குப்பையை வழக்கமான நாளில் வெளியே வைக்கவும்'னு போட்டிருக்கீங்க. வழக்கமான நாள்னா எது?"

பச்சைத் தொட்டி வாரா வாரம். குப்பையும் மறுசுழற்சியும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

உள்ளே வா என்று உட்காரச் சொல்லிவிட்டு, பேனாவை எடுத்தேன்.